பழைய டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் ரெடி ஆகல." டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. திறந்து பார்த்தால் பிராசஸர் நன்றாக இருக்கும், மதர்போர்டிலும் குறை இருக்காது. ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதன் இடத்தில் போடுவதுதான் எஸ்எஸ்டி: சுழலும் தட்டு இல்லாமல், சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். அப்படி வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் மனதில் இருப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க் கடைகளில் நிறைய அசெம்பிள் செய்து கொடுத்த வகை: எச்61 அல்லது எச்81 மதர்போர்டு, ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். உங்களுடையது அதைவிடப் புதியது என்றாலும் பெரும்பகுதி பொருந்தும்.

எஸ்எஸ்டி போட்டால் உண்மையிலேயே வேகம் கூடுமா?

கூடும். காரணம் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற குழப்பமும் பாதி தீர்ந்துவிடும்.

ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. கேட்ட தகவல் தட்டில் எங்கே இருக்கிறதோ அது படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும்: 4 மில்லிநொடிக்குச் சற்று அதிகம். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு 8, 9 மில்லிநொடி. ஆக, ஒரு சின்னத் துண்டை எடுத்துவர 12 அல்லது 13 மில்லிநொடி. நொடிக்குச் சுமார் 80 துண்டு, அவ்வளவுதான்.

விண்டோஸ் தொடங்கும்போது அது படிப்பவை டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தலை ஓடி ஓடித் திரும்ப வேண்டும். கேபினெட்டுக்குள் கேட்கும் அந்தக் கரகர சத்தம் அதுதான். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு துண்டு சுமார் 0.1 மில்லிநொடியில் வந்துவிடும். 80 எங்கே, ஏறக்குறைய 10,000 எங்கே!

எஸ்எஸ்டி பெட்டி ஒன்றில் நொடிக்கு 550 எம்பி, இன்னொன்றில் 7000 எம்பி என்று போட்டிருக்கிறது. 7000 வாங்கினால் பன்னிரண்டு மடங்கு வேகமா?

இல்லை. நிறையப் பேர் காசை விடும் இடம் இது. பெட்டியில் இருப்பது ஒரே பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். நாள் முழுக்க நாம் செய்வது அதுவல்ல. மேலே சொன்ன சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பதில், சாட்டா எஸ்எஸ்டிக்கும் (அந்த 550 வகை) நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் (7000 வகை) உள்ள இடைவெளி இரண்டு மடங்கை ஒட்டித்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால், 4கே வீடியோ எடிட் செய்பவருக்கும் பெரிய ஃபைல்களை அடிக்கடி நகலெடுப்பவருக்கும்தான் தெரியும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: உங்கள் மதர்போர்டு தாங்கும் சாதாரண எஸ்எஸ்டியே போதும். மிச்சமாகும் பணத்தை ரேமுக்கும் பேக்கப்புக்கும் வையுங்கள்.

சாட்டா, எம்.2, என்விஎம்இ... இதெல்லாம் என்ன?

எம்.2 என்பது வடிவம். சாட்டா, என்விஎம்இ என்பவை பேசும் முறை. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் தவறான பொருள் வீட்டுக்கு வருகிறது.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி தட்டையான சின்னப் பெட்டி, 7 மி.மீ. தடிமன். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் அதே இரண்டு கேபிள்தான் இதற்கும். எம்.2 என்பது சூயிங்கம் பட்டை போன்ற பலகை. மிகப் பரவலான அளவு 2280: அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ. இந்தப் பட்டைக்குள் சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம். சில மதர்போர்டின் எம்.2 ஸ்லாட் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும் ஏற்கும். பட்டையைச் செருகும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. இந்த அடையாளத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மதர்போர்டு மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் பக்கத்தில் கையேட்டைப் பாருங்கள். எம்.2 ஸ்லாட்டில் எதையாவது செருகினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று பல கையேடுகளில் ஓர் அடிக்குறிப்பும் இருக்கும். "எம்.2 போட்டதும் டி டிரைவ் காணாமல் போச்சு" என்று வந்தவர்கள் உண்டு. டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு போர்ட்டில் கேபிளை மாற்றியதும் வந்துவிட்டது.

என்னுடையது எச்61. அதில் பழைய சாட்டா வேகம்தான் என்கிறார்கள். போட்டு என்ன பயன்?

தயங்காமல் போடுங்கள். எச்61 சிப்செட்டில் உள்ள சாட்டா போர்ட்கள் 3 ஜிகாபிட் வகை. ஆகவே பெட்டியில் போட்ட 550 வராது, 270ஐ ஒட்டித்தான் வரும். ஆனால் மேலே பார்த்த சின்னத் துண்டுக் கணக்கில் எஸ்எஸ்டி பயன்படுத்துவது நொடிக்கு 40 எம்பி அளவுதான், அது இந்தக் குழாயில் தாராளமாகப் போகும். எச்61 பலகையில் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்த யாரும் இதுவரை என்னிடம் குறை சொன்னதில்லை.

எச்81 என்றால் இரண்டு போர்ட் 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். எஸ்எஸ்டியை 6 ஜிகாபிட் போர்ட்டில் செருகுங்கள். இதில் ஒரு சிக்கல்: பலகையில் "சாட்டா3" என்று அச்சிட்டிருந்தால் அது மூன்றாம் தலைமுறை என்ற பொருளிலும் இருக்கலாம், மூன்றாம் எண் போர்ட் என்ற பொருளிலும் இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 6ஜி என்ற குறியையோ கையேட்டையோ பாருங்கள்.

மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் கார்டு வாங்கி, பழைய போர்டிலேயே என்விஎம்இ போட்டால்?

டேட்டா டிஸ்காக வேலை செய்யும். ஆனால் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) என்விஎம்இ தெரிந்திருக்க வேண்டும். என்விஎம்இ தரத்தின் முதல் பதிப்பே 2011 மார்ச்சில்தான் வந்தது, அந்தக் காலத்துப் பலகைகளின் பயாஸில் அதற்கு இடமில்லை. பயாஸை மாற்றி எழுதி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு தப்பு நடந்தால் போர்டே போய்விடும். இதற்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

எவ்வளவு ஜிபி வாங்குவது? 500 வாங்கினால் 465தான் காட்டுகிறதே?

ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார், விண்டோஸ் 107 கோடிக்குச் சற்று அதிகமான பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. 240 என்பது 223 ஆவதும் இதனால்தான்.

டேலி, பிரவுசர், கடிதம் அடிப்பது மட்டும் என்றால் 240 போதும். வாங்குவது ஒரு தடவை என்பதால் முடிந்தால் 480 அல்லது 500 எடுங்கள். முழுக்க நிரம்பிய எஸ்எஸ்டி திணறும், பத்து இருபது சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும். கல்யாண வீடியோ, படங்கள், பழைய இன்டிசைன் ஃபைல்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கலாம்.

டிஎல்சி, கியூஎல்சி, டிராம் என்று சொல்கிறார்கள். பார்க்க வேண்டுமா?

கொஞ்சம் பார்க்கலாம். டிஎல்சி ஒரு செல்லுக்குள் மூன்று பிட் வைக்கும், கியூஎல்சி நான்கு. நான்கு வைத்தால் விலை குறையும், எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். கியூஎல்சியில் சின்ன ஃபைல்கள் வேகமாகத்தான் போகும். 100 ஜிபியை ஒரேயடியாக நகலெடுத்தால் பாதி வழியில் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்குக்கூட இறங்கிவிடும். விலை வித்தியாசம் குறைவு என்றால் டிஎல்சி. சாட்டாவில் டிராம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகம்) உள்ளதும் கிடைத்தால் நல்லது.

ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இவ்வளவு மலிவாக வருபவற்றுக்குள் பெரும்பாலும் ஒரு மெமரி கார்டோ பழைய சிப்போ இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் உள்மென்பொருளை மாற்றி வைத்திருப்பார்கள். முதல் சில ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும். ஃபைல் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். லினக்ஸில் எஃப்3 உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் பில்லும் சீரியல் எண்ணும் இல்லாமல் எஸ்எஸ்டி வாங்காதீர்கள்.

பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்வதா, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதா?

சுத்தமாக வேண்டுமென்றால் புதிதாக ஏற்றுவதுதான் நல்லது, பத்து வருடக் குப்பை போய்விடும். ஆனால் டிடிபி வேலை செய்பவர், பத்திரம் தட்டச்சு செய்பவர், கணக்கர் ஆகியோருக்கு நான் குளோனைத்தான் சொல்வேன்.

காரணம் எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில், டாப், டாம் வகை ஃபான்ட்களில் அடித்த ஆவணங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஃபான்ட்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால், சி டிரைவை ஃபார்மட் செய்யும்போது கூடவே போய்விடும். பல வருடம் முன் யாரோ ஒரு சிடியில் கொடுத்த ஃபான்ட் அது, மறுபடி எங்கே தேடுவது? டேலியின் டேட்டா ஃபோல்டர், பழைய பிரின்டரின் டிரைவர், உரிமம் பதிந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. புதிதாகத்தான் ஏற்றப் போகிறீர்கள் என்றால் முதல் வேலையாக விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது டேலி டேட்டா. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் ஆகியவற்றையும் மறக்காதீர்கள், நம்மில் பாதிப் பேரின் ஆவணங்கள் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும்.

குளோன் எப்படிச் செய்வது?

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பழைய ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் குளோனை ஒத்திவைத்துவிட்டு முக்கியமான ஃபைல்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை முழுக்கப் படிக்கச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடும்.

டிஸ்க் நன்றாக இருந்தால் வேலை எளிது. டெஸ்க்டாப்பில் காலி சாட்டா போர்ட் இருக்கும், எஸ்எஸ்டியை அதில் மாட்டினால் போதும், யுஎஸ்பி அடாப்டர் தேவையில்லை. எஸ்எஸ்டி தயாரிப்பாளர் பலர் குளோன் மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள். கட்டற்ற மென்பொருள் வேண்டுமென்றால் குளோன்சில்லா, ஆனால் புதியவருக்கு அதன் திரை மிரட்டும். 500 ஜிபி டிஸ்கிலிருந்து 240 ஜிபிக்குப் போவதென்றால் டி, இ டிரைவ்களை விட்டுவிட்டு சி டிரைவையும் அதன் முன்னால் இருக்கும் சின்னப் பூட் பார்ட்டிஷனையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். எது மூலம், எது இலக்கு என்பதை மூன்று முறை சரிபாருங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி எஸ்எஸ்டி உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியோடு மட்டும் ஒருமுறை ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாளத்தோடு நின்றால் விண்டோஸ் குழம்பும். புதிதாக விண்டோஸ் ஏற்றும்போதும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைப்பது அவசியம். இல்லையென்றால் பூட் பகுதி பழைய டிஸ்கிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்கை எடுக்கும் நாளில், கணினி ஆன் ஆகாது.

மாட்டுவதை நானே செய்யலாமா?

தாராளமாக. பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு ஒரு சாட்டா கேபிளும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) ஒரு சாட்டா பவர் முனையும் வேண்டும். பிராக்கெட் இல்லையென்றால் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது, உள்ளே அசையும் பாகமே இல்லை. பவர் முனை போதவில்லை என்று நான்கு முள் மோலெக்ஸிலிருந்து மாற்றும் மலிவான அடாப்டர் போடும்போது மட்டும் கவனம். கம்பிகளை வார்த்து மூடிய பிளாஸ்டிக் முனை கொண்டவை ஷார்ட் ஆகி எரிந்த சம்பவங்கள் உண்டு.

எம்.2 என்றால் சாய்வாகச் செருகி, மெதுவாகப் படுக்க வைத்து, திருகாணி போட வேண்டும். அந்தக் குட்டித் திருகாணி மதர்போர்டு பெட்டியில்தான் வந்திருக்கும், வாங்குவதற்கு முன்பே தேடி எடுத்து வையுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. நீலத் திரை வருகிறது!

பதற வேண்டாம். பயாஸுக்குள் போங்கள், பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2 பட்டன். பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா? அடுத்து சாட்டா மோட், அதாவது மதர்போர்டு டிஸ்கோடு பேசும் முறை. பழைய கணினிகளில் இது ஐடிஇ என்று இருக்கும், எஸ்எஸ்டிக்கு ஏஎச்சிஐ வேண்டும். ஆனால் ஐடிஇயில் நிறுவிய விண்டோஸைச் சட்டென்று ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத் திரை வரும். பழைய நிலைக்கே மாற்றி விண்டோஸுக்குள் போய், தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் ஏஎச்சிஐ வையுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போனதும் தேவையான டிரைவரை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை நீக்கிவிடலாம்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

ஒரு கணக்குப் போடலாம். நல்ல 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 180 முதல் 300 டெராபைட் வரை எழுதுவதற்கு உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் 180 டெராபைட் தீர 9000 நாள், 24 வருடத்துக்கு மேல். அலுவலகக் கணினி நாளுக்கு 20 ஜிபி எழுதுவதே அரிது. உங்கள் எஸ்எஸ்டி சாகும் என்றால் தேய்ந்து சாவதைவிட அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் திடீரென்று போய்ச் சாகும் வாய்ப்புதான் அதிகம்.

டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்குவது) செய்ய வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டும் எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, அதற்கேற்ற டிரிம்மை (அழித்த ஃபைல்களின் இடம் இனி காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) தாமே செய்யும். அதைத் தடுக்காதீர்கள். எஸ்எஸ்டியை வேகமாக்குவதாகச் சொல்லும் எந்த மென்பொருளும் தேவையில்லை.

தவறுதலாக அழித்த ஃபைலை எஸ்எஸ்டியிலிருந்து மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஹார்ட் டிஸ்கில் அழித்தாலும் டேட்டா அங்கேயே கிடக்கும், மேலே வேறு எதுவும் எழுதாதவரை மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால், டிரிம் அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லிவிடும், சில நேரம் நிமிடங்களுக்குள். எங்கள் பகுதி ஸ்டூடியோ ஒன்றில் ஒரு திருமண ஆல்பத்தின் மூலப் படங்கள் இப்படிப் போயின. அந்தப் பெண் வீட்டாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஸ்டூடியோக்காரர் என் முன் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னால் ஒரு படத்தைக்கூட எடுத்துத் தர முடியவில்லை.

எஸ்எஸ்டி சாகும்போதும் முன்னறிவிப்பு இருக்காது. ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும், இது காலையில் ஆன் செய்தால் இல்லை, அவ்வளவுதான். ஆகவே எஸ்எஸ்டி போடும் அன்றே பேக்கப்பையும் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்கை முழுதாகக் கழற்றிவிட்டீர்கள் என்றால் அதை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள், விட்டுப்போன ஃபைல் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வாரம் ஒருமுறை நகலெடுக்கப் பயன்படுத்துங்கள். அதன் உடல்நிலை நன்றாக இருந்தால் மட்டும்.

அடிக்கடி கரண்ட் போகிறது. எஸ்எஸ்டிக்கு ஆகாதா?

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த ஃபைல் கெடலாம், அரிதாக டிஸ்கே அடையாளம் தெரியாமல் போகலாம். வீட்டு எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில் இதற்கான முழுப் பாதுகாப்பு இல்லை. யுபிஎஸ் வைத்திருந்தும் பேட்டரி செத்துப் போய் வருடக்கணக்காகக் கிடக்கும் வீடுகள் நிறைய. எஸ்எஸ்டி வாங்கும் கையோடு அந்தப் பேட்டரியையும் மாற்றுங்கள்.

4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. எஸ்எஸ்டி மட்டும் போதுமா?

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் எஸ்எஸ்டி. கொஞ்சம் கூடுதலாக முடிந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். எச்61, எச்81 பலகைகளுக்கு டிடிஆர்3 வகை ரேம் வேண்டும், பயன்படுத்திய ரேம் குச்சி குறைந்த விலையில் கிடைக்கும்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதே. இந்தக் கணினிக்கு இனிச் செலவு செய்வது சரியா?

நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒரு சிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே நீங்கள் பார்க்கும் வேலை பிரவுசரும் ஆவணங்களும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம், தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு. டேலியும் பேஜ்மேக்கரும்தான் பிழைப்பு என்றால் லினக்ஸ் உங்களுக்கு ஒத்துவராது, அடுத்த கணினிக்கு இப்போதே திட்டமிடுங்கள். எஸ்எஸ்டிக்குப் போட்ட பணம் அப்போதும் வீணாகாது, சாட்டா போர்ட் உள்ள எந்தப் புதிய டெஸ்க்டாப்பிலும் அதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

பேக்கப்பையே ஒரு எஸ்எஸ்டியில் எடுத்து பீரோவில் பூட்டி வைக்கலாமா?

நீண்ட காலத்துக்கு வேண்டாம். எஸ்எஸ்டியில் டேட்டா இருப்பது செல்லுக்குள் அடைத்த மின்னூட்டமாக. மின்சாரமே கொடுக்காமல் வைத்தால் அது மெல்ல மெல்லக் கசியும். முழு ஆயுளும் எழுதித் தீர்ந்த ஒரு எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு டேட்டாவைத் தாங்க வேண்டும் என்பதே வீட்டுக் கணினி டிஸ்குகளுக்கு ஜெடெக் (சிப்களுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பு) வைத்திருக்கும் தரம். புதியது இன்னும் நெடுநாள் தாங்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் 30 டிகிரி இருக்காது. பூட்டி வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம். எஸ்எஸ்டிதான் இருக்கிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினியில் மாட்டி, ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள்.